மருத்துவர் பதில்கள்: இரத்தம் வந்தாலே மூலம்தானா?

இம்மாதம் வந்த கடிதங்களில் மூல நோயைப் பற்றியவையே மிகுதி. அவற்றில் பலவற்றில் அனுப்பியவர் பெயர் இல்லை. கேட்பதற்கே கூசும் நோய் என்பதால் பெயரையும் ஊரையும் தவிர்த்து, கேள்விகளைச் சுருக்கி வெளியிட்டிருக்கிறேன்.

கேள்வி: எனக்கு 41 வயது. பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். ஒன்றரை ஆண்டாக மலம் கழித்து முடிக்கும்போது இரத்தம் சொட்டுச் சொட்டாக விழுகிறது, வலி இல்லை. முக்கினால் சிறிய சதை ஒன்று வெளியே வந்து, எழுந்ததும் தானாகவே உள்ளே போய்விடுகிறது. கூச்சத்தால் வீட்டில்கூடச் சொல்லவில்லை. துத்தி இலையும் கருணைக்கிழங்கும் சாப்பிட்டு வருகிறேன். இப்போது மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. அறுவைச் சிகிச்சை செய்தே தீர வேண்டுமா?

பதில்: அம்மா, அறுவைச் சிகிச்சையைப் பற்றிய கவலையைச் சற்று ஒதுக்கி வையுங்கள். உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது, நீங்கள் கடைசியாகப் போகிற போக்கில் எழுதிய அந்த மூச்சு வாங்குதல்தான். ஒவ்வொரு முறையும் சில சொட்டுகள்தானே என்று தோன்றும். ஒன்றரை ஆண்டாகச் சேர்ந்தால் அது உடலின் இரும்புச் சத்தையே வற்றச் செய்துவிடும். இந்த வாரமே ஹீமோகுளோபின் அளவைப் பாருங்கள். பெண்களுக்கு அது 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் இரத்தசோகை என்று பொருள். மாதவிடாயில் அதிக இரத்தம் போகிறதா என்பதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

மூலம் என்பது புதிதாக முளைக்கும் கட்டி அன்று. நம் எல்லோருக்கும் ஆசனவாயின் உட்புறத்தில், பிறவியிலிருந்தே, இரத்தக் குழாய்கள் நிறைந்த மூன்று மெத்தைகள் இருக்கின்றன. இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் முன்னும் பின்னுமாக இரண்டும். வாயுவும் நீரும் நம்மையறியாமல் கசியாதபடி வாயிலை இறுக மூட அவை துணை செய்கின்றன. மலச்சிக்கலால் ஆண்டுக்கணக்கில் முக்குவதாலும், கழிவறையில் வெகுநேரம் அமர்ந்திருப்பதாலும், அம்மெத்தைகளைத் தாங்கும் திசு தளர்ந்து அவை வீங்கிக் கீழே சரியும்போதுதான் அதை மூலம் என்கிறோம். உள்மூலம் இருக்கும் பகுதியில் வலியை உணரும் நரம்புகள் இல்லாததால் வலியே இல்லாமல் இரத்தம் போகும். இரத்தம் மட்டும் வந்தால் முதல் நிலை. வெளியே வந்து தானே உள்ளே போனால் இரண்டாம் நிலை. கையால் தள்ளினால்தான் போகும் என்றால் மூன்றாம் நிலை. தள்ளினாலும் போகாவிட்டால் நான்காம் நிலை. நீங்கள் சொல்வது இரண்டாம் நிலையைப் போலத் தெரிகிறது.

‘தெரிகிறது’ என்று நான் தயங்கி எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. பெருங்குடலின் கடைப்பகுதியில் வரும் புற்றுநோயும் இதே போலச் சிவப்பாக இரத்தம் கசியச் செய்யலாம். மூலமும் அதுவும் ஒருவருக்கே இருக்கவும் கூடும். மூலம்தான் என்று தாமே முடிவு செய்து, பத்தியமும் பச்சிலையுமாக ஓராண்டைக் கழித்துவிட்டு வருகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. உங்களுக்கு இரத்தசோகை உறுதியானால் பெருங்குடல் உள்நோக்கிப் பரிசோதனை (கொலோனாஸ்கோப்பி) செய்துகொள்வது அவசியம். மலத்தோடு கலந்து இரத்தம் வருதல், மலம் கழிக்கும் பழக்கம் சில வாரங்களாக மாறியிருத்தல், காரணமில்லாமல் எடை குறைதல், குடும்பத்தில் யாருக்கேனும் குடல் புற்றுநோய் இருந்திருத்தல் ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும், 45 வயதைத் தாண்டியவராக இருந்தாலும் இதையே சொல்வேன்.

மூலமா என்று அறிய ஆசனவாயில் முதலில் செய்யும் பரிசோதனையை நினைத்துத்தான் பலர் வராமல் இருக்கிறார்கள். ஆகவே அது எப்படி நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன். திரைக்குப் பின்னால் இடப்பக்கமாகத் திரும்பி, முழங்காலை மார்பை நோக்கி மடக்கிப் படுக்கச் சொல்வார்கள். மேலே ஒரு துணி போர்த்தப்பட்டிருக்கும். உடன் ஒரு செவிலியர் நிற்பார். கையுறை அணிந்த விரலில் மரத்துப்போகும் ஜெல்லியைத் தடவிச் சோதித்த பின், கட்டைவிரல் பருமனுள்ள ஒரு குழாயைச் செலுத்தி விளக்கொளியில் பார்ப்பார்கள். மூச்சை மெதுவாக வெளியே விட்டால் தசை தளரும். மொத்தமே ஐந்து நிமிடம். பெண் மருத்துவர்தான் வேண்டும் என்று கேட்பதில் தவறே இல்லை.

உள்மூலம் மட்டுமே என்று உறுதியானால் உங்களுக்குக் கத்தி தேவைப்பட வாய்ப்பு குறைவு. முதலில் உணவை மாற்ற வேண்டும். நாளொன்றுக்கு 25 முதல் 30 கிராம் நார்ச்சத்து வேண்டும். கீரை, வாழைத்தண்டு, கொய்யா, கம்பு, கேழ்வரகு ஆகியவற்றோடு, இரவில் ஒரு தம்ளர் நிறையத் தண்ணீரில் இசப்கோல் கலந்து குடிக்கலாம். கருணைக்கிழங்கிலும் நார்ச்சத்து உண்டு, தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் அது நோயைக் கண்டறியும் வேலையைச் செய்யாது. கழிவறையில் ஐந்து நிமிடத்துக்கு மேல் அமராதீர்கள், கைபேசியை வெளியே வைத்துவிட்டுச் செல்லுங்கள்.

அப்படியும் இரத்தம் நிற்காவிட்டால் ரப்பர் வளையம் போடும் முறை இருக்கிறது. சரிந்த மெத்தையின் மேற்பகுதியைக் கருவியால் இழுத்து, அதன் அடியில் சின்னஞ்சிறு ரப்பர் வளையத்தை மாட்டிவிடுவார்கள். இரத்த ஓட்டம் தடைப்பட்டு அந்தச் சதை சுருங்கி, ஐந்து முதல் பத்து நாட்களுக்குள் வளையத்தோடு உதிர்ந்துவிடும். மயக்க மருந்து வேண்டாம். அன்றே வீடு திரும்பலாம். ஓரிரு நாள் அடிப்பகுதி கனப்பது போன்ற உணர்வு இருக்கும். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளைச் சாப்பிடுகிறவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வளையம் போட்ட பின் கடும் வலி, காய்ச்சல், சிறுநீர் பிரியாமை ஆகியவை வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது.

கேள்வி: நான் லாரி ஓட்டுநர், வயது 52. மூன்றாம் நிலை மூலம், வெளியிலும் பெரிதாக இருக்கிறது என்று சொல்லி அறுவைச் சிகிச்சைக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். லேசரில் செய்தால் வலியே இருக்காது, மறுநாளே வேலைக்குப் போகலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். எதை நம்புவது?

பதில்: வலியே இருக்காது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். 1937இல் லண்டனில் மில்லிகனும் மார்கனும் விவரித்த, மூலச் சதையை வெட்டியெடுத்துப் புண்ணைத் திறந்தபடியே ஆறவிடும் முறைதான் இன்றும் உங்களைப் போன்ற நிலையில் உள்ளவர்களுக்கு அதிகம் கைகொடுக்கிறது. அதில் வலி அதிகம். ஆனால் நோய் திரும்ப வருவது குறைவு. தளர்ந்த திசுவை வளையமாக வெட்டி இணைக்கும் ஸ்டேப்லர் கருவியால் செய்யும் முறையில் முதல் சில வாரங்களில் வலி குறைவாக இருக்கும். ஆனால் அதில் நோய் மீண்டும் வருவது அதிகம் என்று பிரிட்டனில் 777 பேரிடம் நடந்து 2016இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வு காட்டியது. லேசர் நுண்ணிழையின் வெப்பத்தால் உள்மூலம் சுருங்கும், அதனால் சிறிய மூலங்களுக்கு அது நல்ல வழியே. ஆனால் வெளியே தொங்கும் பெரிய சதையை அது அகற்றிவிடாது. உங்கள் மருத்துவரிடம், “எனக்கு வெளிமூலமும் இருக்கிறதே, அதை இந்த முறையில் என்ன செய்வீர்கள்?” என்று நேராகக் கேளுங்கள்.

பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்து இதைச் செய்கிறார்கள். முதல் இரவில் சிறுநீர் பிரியச் சிரமப்படலாம். முதல் முறை மலம் கழிக்கும்போதுதான் வலி கடுமையாக இருக்கும். அதற்குப் பயந்து சாப்பாட்டைக் குறைத்தால் மலம் இறுகி வலி கூடும். ஆகவே மலமிளக்கியையும் வலி மாத்திரையையும் சொன்னபடி தவறாமல் சாப்பிடுங்கள். அகன்ற டப்பில் பொறுக்கும் சூட்டில் வெந்நீர் ஊற்றி, நாளைக்கு மூன்று முறை பத்து பதினைந்து நிமிடம் அமர்ந்திருங்கள். ஏழு முதல் பதினான்கு நாட்களுக்குள் சிறிது இரத்தம் வருவது இயல்பு. கட்டி கட்டியாகவோ நிற்காமலோ வந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். புண் முழுமையாக ஆற நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். லாரியில் நெடுந்தூரம் செல்வதை ஒரு மாதமாவது தள்ளிப்போடுங்கள். ஆசனவாய் சுருங்குதல், வாயுவைக் கட்டுப்படுத்த இயலாமை ஆகியவை அரிதாக வரக்கூடியவை. கையெழுத்திடும் முன் அவற்றையும் விளக்கிச் சொல்லும்படி கேட்பது உங்கள் உரிமை.

கேள்வி: மகளுக்கு எட்டாம் மாதம். மூலம் வந்துவிட்டது. ஆபத்தா?

பதில்: கர்ப்ப காலத்தில் இது மிகச் சாதாரணம். பிரசவத்துக்குப் பின் பெரும்பாலோருக்குத் தானாகவே தணிந்துவிடும். நார்ச்சத்தும் தண்ணீரும் போதும். களிம்போ மாத்திரையோ மகப்பேறு மருத்துவர் சொல்லாமல் வேண்டாம்.

கேள்வி: “மூலம், பௌத்திரம், ஆபரேஷன் இல்லாமல் ஒரே ஊசியில் குணம்” என்று பேருந்து நிலையச் சுவரில் பார்த்தேன். போகலாமா?

பதில்: போகாதீர்கள். ஊசி வழியாக மருந்து செலுத்திச் சிறிய உள்மூலத்தைச் சுருங்கச் செய்யும் முறை மருத்துவத்தில் உண்மையாகவே இருக்கிறது. ஆனால் எந்த மருந்து, எவ்வளவு, எந்த ஆழத்தில் என்பதில் பிழை நேர்ந்தால் சதை அழுகிச் சீழ் வைத்துவிடும். இன்னொன்றையும் கவனியுங்கள். மூலமும் பௌத்திரமும் வெவ்வேறு நோய்கள். பௌத்திரம் என்பது ஆசனவாய்க்கு அருகில் சீழ் வடியும் துளை. அதற்கு இந்த ஊசியால் எந்தப் பயனும் இல்லை. மலம் கழிக்கும்போது கண்ணாடியால் கீறியது போல வலித்து, பிறகும் வெகுநேரம் எரிந்தால் அது பெரும்பாலும் ஆசனவாய்த் தோலில் ஏற்படும் வெடிப்பு. அதற்குச் சிகிச்சையே வேறு. திடீரென ஆசனவாயின் ஓரத்தில் நீலம் பாய்ந்த, தொட முடியாத அளவுக்கு வலிக்கும் கட்டி தோன்றினால், வெளிமூலத்தில் இரத்தம் உறைந்திருக்கலாம். அது தொடங்கிய 72 மணி நேரத்துக்குள் அறுவைச் சிகிச்சை நிபுணரிடம் சென்றால், மரத்துப்போகும் ஊசி போட்டு அதை அகற்றி வலியைச் சீக்கிரம் தணிக்க முடியும்; அதற்குப் பிறகு வந்தால் பெரும்பாலும் அகற்றுவதில்லை, வெந்நீரும் வலி மாத்திரையுமாகத் தானே ஆறும்வரை காத்திருக்கச் சொல்வோம்.