பறக்க ஐந்து நாள், மருந்துக்குப் பத்து நாள்

வணக்கம் அம்மா. பிளஸ் டூ முடித்த மகன் ட்ரோன் பைலட் கோர்ஸில்தான் சேருவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான், தோட்டை அடகு வைத்துப் பணம் கட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். தோடு காதிலேயே இருக்கட்டும். அதற்காகப் பையனின் ஆசையையும் வெட்டிவிட வேண்டாம்.

ட்ரோன் பைலட் சான்றிதழுக்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும், பத்தாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும். டிஜிசிஏ (மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) அங்கீகாரம் பெற்ற மையத்தில் சில நாள் பயிற்சி, ஒரு தேர்வு, அவ்வளவுதான். 10 ஆண்டுக்குச் செல்லும். டிரைவிங் லைசன்ஸ் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். லைசன்ஸ் எடுத்தவருக்கெல்லாம் ஓட்ட வண்டி கிடைத்துவிடுகிறதா? உங்கள் மகனுக்கு இன்னும் 17தான். சான்றிதழே வாங்க முடியாத பையனிடம் இப்போதே முழுப் பணத்தையும் கட்டச் சொல்லும் இடம் எனக்குச் சரியாகப் படவில்லை. "வேலை உறுதி" என்று நோட்டீஸ் அடித்திருந்தால், போன பேட்ச்சில் படித்த நான்கு பேரின் போன் நம்பரைக் கேளுங்கள். அது போதும்.

போன மார்கழியில் ஒரு சம்பா வயலில் ட்ரோன் மருந்தடிப்பதைப் பார்க்கப் போயிருந்தேன். ஓர் ஏக்கரை முடிக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் அடுத்த அரை மணி நேரம் எல்லாரும் வரப்பிலேயே உட்கார்ந்திருந்தோம். தூள் மருந்தைச் சரியாகக் கரைக்காமல் ஊற்றியதால் மருந்து பீய்ச்சும் முனை (நாசில்) அடைத்துக்கொண்டது. பைலட் பையன் ரிமோட்டையே மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான். கண்டுபிடித்தது வயல்காரர்.

இதில் விஷயம் இருக்கிறது. கைத்தெளிப்பானில் ஏக்கருக்குச் சுமார் 200 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். ட்ரோனில் பத்து லிட்டர்தான். மருந்து அவ்வளவு அடர்த்தியாக இருப்பதால், அளவு பிசகினால் பயிர் கருகிவிடும். காற்று அடித்தால் பக்கத்து வயலுக்குப் போகும், மீன் குட்டைக்குப் போகும். மத்திய அரசின் நமோ ட்ரோன் தீதி திட்டத்தில் மகளிர் குழுப் பெண்களுக்கு 15 நாள் பயிற்சி. அதில் ஓட்டுவதற்கு 5 நாள், உரம், மருந்து பற்றி 10 நாள். தவிர, ரிப்பேர் வேலையில் ஆர்வமுள்ள குடும்ப உறுப்பினர் ஒருவருக்கும் உதவியாளர் பயிற்சி உண்டு. அரசே கணக்குப் போட்டுத்தான் கொடுத்திருக்கிறது.

நீங்களும் குழுவில் இருப்பதாக எழுதியிருந்தீர்களே! 15,000 குழுக்களுக்கு, ட்ரோன் விலையில் 80 சதவீதம், அதிகபட்சம் 8 லட்சம் ரூபாய் மானியம் என்று 2023-இல் அறிவித்த திட்டம் அது. இப்போது என்ன நிலை என்று மகளிர் திட்ட அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள். மகனுக்கு முன்னால் அம்மா பைலட் ஆகிவிடலாம், விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

சரி, மகனுக்கு வருவோம். மருந்தடிக்கும் வேலை குறுவைக்குச் சில வாரம், சம்பாவுக்குச் சில வாரம் என்று மொத்தமாக வரும், அப்புறம் கை காய்ந்துவிடும். ரிப்பேர் அப்படி இல்லை. பேட்டரி உப்பும், மோட்டார் சூடேறும், தென்னை மட்டையில் மோதி இறக்கை உடையும். அதைச் சரிசெய்யத் தெரிந்தவன் ட்ரோன் ஓடாத மாதத்தில் மின்சார ஸ்கூட்டரைப் பிரித்துப் போடுவான், சோலார் பம்பு பார்ப்பான். அதனால் என் யோசனை, பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் அல்லது எலெக்ட்ரிக்கல் டிப்ளமோ. கணக்கு, இயற்பியல் படித்தவன் என்பதால் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம், இரண்டே வருடம். நடுவில் 18 ஆனதும் ஒரு விடுமுறையில் பைலட் சான்றிதழையும் எடுத்துவிடட்டும். அதற்கும் தனியாரிடம் போகும் முன் குரோம்பேட்டையில் அண்ணா பல்கலையின் எம்ஐடி வளாகத்திலும், மாநில அரசின் ஆளில்லா விமானக் கழகத்திலும் கட்டணம் விசாரியுங்கள்.

ஒன்று செய்யுங்கள். உங்கள் பக்கம் மருந்தடிக்க வரும் ட்ரோன் குழுவோடு அவனை ஒரு வாரம் அனுப்புங்கள். மருந்துப் பக்கம் போக வேண்டாம். பேட்டரி சார்ஜ் போட, ஜெனரேட்டர் தூக்க மட்டும். சேற்றில் ஒரு வாரம் நடந்த பிறகும் இதுதான் வேண்டும் என்றால், எனக்குப் போன் போடச் சொல்லுங்கள். நீங்கள் பேச வேண்டாம், அவனே பேசட்டும்.