காந்தப் பாய் வாங்கலாமா?

கே: மின்மீட்டர் மேல் ஒட்டும் ஸ்டிக்கர் ஒன்று, தாழ் அதிர்வெண் காந்தப்புலத்திலிருந்து உடலின் செல்களைக் காக்குமாம். வாங்கலாமா?

ப: வேண்டாம். சுவரையே ஊடுருவும் புலத்துக்குக் காகிதம் எம்மாத்திரம்?

கே: முதுகுவலிக்கென்று என் அம்மாவிடம் காந்தப்புலப் பாய் ஒன்றை விற்றுவிட்டார்கள். 'செல்கள் புத்துயிர் பெறும், ஆய்வகத்தில் நிரூபணமானது' என்று அச்சிட்ட தாள்களும் தந்தார்கள். வலி அப்படியே இருக்கிறது.

ப: அம்மாவைக் கடிந்துகொள்ளாதீர்கள். வலியோடு இருப்பவரிடம் தாளை நீட்டியவர் தெரிந்தேதான் நீட்டினார்.

'ஆய்வகத்தில் நிரூபணம்' என்றாலே எனக்கு எரிச்சல். தட்டில் வளரும் எலியின் செல்லுக்கு முதுகு ஏது? காந்தப்புலத்தை உண்டாக்கத் தட்டருகே கம்பிச் சுருள் வைப்பார்கள்; அதில் மின்சாரம் பாய்ந்தால் சுருள் சூடாகும். சூடு சற்று ஏறினாலே செல்லின் போக்கு மாறும். செல் வளர்க்கும் இன்குபேட்டரின் விசிறியும் ஹீட்டருமே காந்தப்புலத்தை உண்டாக்குகின்றன. நேர்மையான ஆய்வாளர் ஒப்பிட்டுப் பார்க்க இரட்டைக் கம்பிச் சுருள் வைப்பார்: இரண்டிலும் மின்சாரத்தை எதிரெதிராகச் செலுத்தினால் சூடு இருக்கும், புலம் ஏறக்குறைய இராது. எந்தத் தட்டில் புலம் இருந்தது என்பது செல்லை எண்ணுபவருக்கே தெரியக்கூடாது. இவ்வளவு கவனமாகத் திரும்பச் செய்தபோது, முன்பு பரபரப்பாகப் பேசப்பட்ட விளைவுகள் பல வேறு ஆய்வகங்களில் தலைகாட்டவே இல்லை.

சேராத எலும்பு முறிவுக்குத் துடிப்புக் காந்தப்புலக் கருவியை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1979-இல் அனுமதித்தது உண்மைதான். அது மருத்துவர் எழுதித் தரும் கருவி. அந்தப் பெருமையைப் பாய் கடன் வாங்க முடியாது.

புலத்தின் அதிர்வெண் எத்தனை ஹெர்ட்ஸ், வலிமை எத்தனை மில்லிடெஸ்லா, எந்த நோய்க்கு யார் அனுமதி என்று விற்றவரிடம் எழுத்தில் கேளுங்கள். மழுப்பினால், அந்தத் தாள்களையே இணைத்து நுகர்வோர் புகார் கொடுங்கள்.

கே: காந்தப்புலமானி வாங்கினேன். ஹேர் டிரையர் அருகே 10 மைக்ரோடெஸ்லா காட்டுகிறது! செல்கள் சிதையுமா?

ப: கையேட்டைப் படித்தீர்களா? நம் வீட்டு மின்சாரத்தின் அதிர்வெண்ணான 50 ஹெர்ட்ஸுக்குப் பொதுமக்களுக்கான பன்னாட்டு வழிகாட்டி வரம்பு 200 மைக்ரோடெஸ்லா. ஓரடி தள்ளிப் பிடித்தாலே எண் சரியும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2002-இல் இத்தகைய தாழ் அதிர்வெண் காந்தப்புலத்தை 'புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற 2பி பிரிவில் வைத்தது. வீட்டில் சராசரியாக 0.3, 0.4 மைக்ரோடெஸ்லாவுக்கு மேல் இருந்த குழந்தைகளிடம் ரத்தப் புற்றுநோய் சற்று அதிகமாகத் தெரிந்ததே காரணம். அது நீண்டகாலச் சராசரி; தலை உலர்த்தும் சில நிமிடமல்ல. புலம்தான் காரணம் என்பதும் நிறுவப்படவில்லை.

மலிவு என்று நான் வாங்கிய மானிக்கு ஒரே திசையில்தான் புலத்தை அளக்கும் உணரி. மணிக்கட்டைத் திருப்பினால் வேறு எண். அலமாரியில் கிடக்கிறது.

கே: காந்தக் கைப்பட்டைக்கு முழுப் பணமும் கட்டிவிட்டேன். ரசீது வாங்கவில்லை, விற்றவர் பெயரும் தெரியாது. என்ன செய்யலாம்?

ப: யார் மேல் புகார் எழுதுவது? பணம் அனுப்பிய வங்கிப் பதிவையாவது தேடி எடுங்கள், பிறகு எழுதுங்கள்.