மலைவீட்டு நாஸுக்கு வெளியூரில் ஒரு நகல்: என்ன செலவாகும்?

கோத்தகிரியில் ஸ்டுடியோ வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "வீட்டில் நான்கு டிஸ்க் போடும் நாஸ் (நெட்வொர்க்கில் இணைக்கும் சேமிப்புப் பெட்டி) இருக்கிறது. ரெய்டு 5 போட்டிருக்கிறேன். மொத்தம் 4 டிபி நிரம்பியிருக்கிறது: கல்யாண ரா ஃபைல்கள் (கேமராவிலிருந்து வந்த மூலப் படங்கள்) 1.8 டிபி, சினிமாக்கள் 1 டிபி, பழைய லேப்டாப்களின் பேக்கப் 600 ஜிபி, குடும்பப் படங்களும் அப்பா எடுத்த ஹெத்தையம்மன் பண்டிகை வீடியோக்களும் 600 ஜிபி. வெளியிடத்தில் ஒரு காப்பி வேண்டும் என்கிறார்கள். கிளவுடில் போட வருடத்துக்கு முப்பதாயிரம் ஆகும் என்றதும் தயங்கிவிட்டேன். அவ்வளவு செலவு தேவையா? மேட்டுப்பாளையத்தில் தங்கை வீடு இருக்கிறது, மாதம் ஒருமுறை இறங்குவோம்."

முதலில், பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து ஓட்டும் ரெய்டு பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒரு டிஸ்க் செத்தால் வேலை நிற்காமல் ஓட ரெய்டு 5 உதவும். அதற்கு மேல் அது எதற்கும் உதவாது. கை தவறி ஃபோல்டரை அழித்தால் எல்லா டிஸ்க்கிலும் சேர்ந்தே அழியும். 2022-இல் டெட்போல்ட் என்ற ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் மென்பொருள்), இணையத்துக்குத் திறந்து வைத்திருந்த கியூநாப் நிறுவன நாஸ்களில் புகுந்து ஃபைல்களைப் பூட்டியது. அங்கெல்லாம் ரெய்டு ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

குன்னூரில் ஒரு வீட்டுக்குச் சித்திரை மாத இடிமழைக்கு மறுநாள் போனேன். தகரக் கூரைக்கு அடியில் மரப்பலகை, அதன்மேல் நாஸ். நெட்வொர்க் கேபிள் செருகும் துளையைச் சுற்றிப் பொட்டு வைத்ததுபோல் கருப்பு. மூடியைக் கழற்றியதும் கருகிய பிளாஸ்டிக் வாடை. இரண்டு டிஸ்க்கும் சுற்றவே இல்லை. "பேக்கப் தனியாக இருக்கிறது" என்று அந்த அம்மா நம்பிக்கையோடு காட்டிய யுஎஸ்பி டிஸ்க்கும் அதே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில்தான் செருகியிருந்தது, அதுவும் போயிருந்தது. மகளின் சின்ன வயதுப் படங்களில் மிஞ்சியவை உறவினர்களின் வாட்ஸ்அப்பில் கிடந்த பதினொன்று மட்டும். அன்றிலிருந்து யார் கேட்டாலும் நான் முதலில் கேட்பது, "இன்னொரு காப்பி இன்னொரு கூரைக்கு அடியில் இருக்கிறதா?" என்பதைத்தான்.

சரி, செலவுக்கு வருவோம். நீங்கள் கேள்விப்பட்ட முப்பதாயிரம் தப்பில்லை. பேக்பிளேஸ் நிறுவனத்தின் பி2 கிளவுட் சேமிப்புச் சேவை 2023 அக்டோபரில் ஒரு டிபிக்கு மாதம் 6 டாலர் என்று விலை வைத்தது. 4 டிபிக்கு 24 டாலர். டாலருக்கு 90 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 2,160. அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, வெளிநாட்டுப் பணப் பரிமாற்றத்துக்குக் கார்டு வங்கி பிடிக்கும் சுமார் 3 சதவீதம். மாதம் 2,600-ஐத் தாண்டும், வருடத்துக்கு 31,000 ரூபாய்.

ஆனால் இந்தக் கணக்கில் உங்கள் சினிமாக்களுக்கும் நான்கில் ஒரு பங்கு வாடகை கட்டுகிறீர்கள். தொலைந்தால் மறுபடி கிடைக்கும் பொருளுக்கு மாதாமாதம் ஏன் காசு? பழைய லேப்டாப் பேக்கப்பையும் ஒருநாள் உட்கார்ந்து பாருங்கள். அதில் பாதி விண்டோஸ் ஃபைல்களாகத்தான் இருக்கும். திரும்பக் கிடைக்காதவை என்று உண்மையில் நிற்பவை குடும்பப் படங்களும் அப்பாவின் வீடியோக்களும், இன்னும் ஆல்பம் கொடுத்து முடிக்காத கல்யாணங்களும்தான். பின்னதற்கு 200 ஜிபி என்று போட்டால் மொத்தம் 800 ஜிபி. அதே பி2-வில் இதற்கு வரியெல்லாம் சேர்த்து மாதம் 525 ரூபாய் அளவு, வருடத்துக்கு 6,300. டாலர் வேண்டாம் என்றால் கூகுள் ஒன்னின் 2 டிபி திட்டம் வருடம் 6,500 ரூபாய் அளவில், ரூபாயிலேயே கட்டலாம். நாஸ் நிறுவனங்களான சினாலஜி, கியூநாப் இரண்டின் பேக்கப் செயலிகளும் கூகுள் டிரைவுக்கு அனுப்பும். தினசரி பயன்படுத்தும் மெயில் கணக்கிலேயே இதைப் போடாதீர்கள். அந்தக் கணக்கு முடங்கினால் மெயிலோடு பேக்கப்பும் போகும்.

இதைவிட மலிவாக ஒன்று உண்டு, பலர் அதில் மயங்குகிறார்கள். அமேசானின் கிளேசியர் டீப் ஆர்கைவ் என்ற நீண்டகாலச் சேமிப்புச் சேவை, அமெரிக்க மையத்தில் ஒரு டிபிக்கு மாதம் 1 டாலர் அளவுதான். உங்கள் 4 டிபியும் மாதம் 360 ரூபாயில் அடங்கிவிடும், வரி தனி. எடுக்கும்போதுதான் கதை தெரியும். மலிவான முறையில் கேட்டால் ஃபைல் கைக்கு வர 48 மணி நேரம் வரை ஆகலாம். வெளியே இறக்க ஒரு ஜிபிக்கு சுமார் 9 சென்ட். முழு 4 டிபியையும் ஒருமுறை இறக்கினால் சுமார் 350 டாலர், அதாவது முப்பதாயிரம் ரூபாய்க்கு மேல். 180 நாளுக்கு முன் அழித்தாலும் மீதி நாளுக்கான காசு பிடிப்பார்கள். வீடே போனால்தான் தொடுவேன் என்கிற கடைசிக் காப்பிக்கு இது நல்ல இடம். "அந்தப் போட்டோவை அனுப்புங்க அண்ணா" என்று வாடிக்கையாளர் அடிக்கடி கேட்கும் ஸ்டுடியோவுக்குச் சரிப்படாது. பி2-வில் சேமித்த அளவைப்போல் மூன்று மடங்கு வரை மாதாமாதம் இலவசமாக இறக்கலாம் என்பதால்தான் அதை உங்களுக்குச் சொல்கிறேன்.

வெளிநாட்டுச் சேவைக்கு இன்னொரு எச்சரிக்கை. 2021 அக்டோபரில் ரிசர்வ் வங்கியின் தானியங்கிக் கட்டண விதி வந்ததிலிருந்து, மாதாமாதம் டாலரில் பிடிக்கும் தொகை நம் கார்டுகளில் சில சமயம் நிராகரிக்கப்படுகிறது. பணம் போகாமல் மாதங்கள் கடந்தால் சேவை நின்று, கடைசியில் டேட்டாவும் அழியலாம். அவர்கள் அனுப்பும் மெயிலைத் தவறாமல் பாருங்கள்.

அப்புறம், ஏற்றும் நேரம். அப்லோட் வேகத்தை இரவில் 20 எம்பிபிஎஸ் என்று கட்டுப்படுத்தி எட்டு மணி நேரம் விட்டால் ஓர் இரவுக்கு 72 ஜிபி போகும். 800 ஜிபி சுமார் பதினொரு இரவுகளில் முடிந்துவிடும். முழு 4 டிபி என்றால் ஐம்பத்தாறு இரவுகள். வேகக் கட்டுப்பாட்டைத் தளர்த்தினாலும், நம் ஃபைபர் இணைப்புகள் பலவற்றில் மாதம் 3,300 ஜிபி தாண்டினால் வேகம் குறைகிறது என்பதால் ஒரே மாதத்தில் எல்லாவற்றையும் தள்ளவும் முடியாது. மழைக்காலத்தில் ரோட்டில் ஒரு மரம் சாய்ந்தால் கரண்டும் கேபிளும் சேர்ந்தே போகிற ஊர் நம்முடையது. அதனால் விட்ட இடத்திலிருந்து தொடரும் பேக்கப் செயலியாக இருக்கட்டும்.

இப்போது தங்கை வீடு. உங்கள் கையில் இருக்கும் பெரிய வசதி அதுதான். 5 டிபி போர்ட்டபிள் டிஸ்க் இரண்டு வாங்குங்கள். ஒன்று 12,000 ரூபாய் என்று வைத்தால் 24,000, ஐந்து வருடத்துக்குப் பங்கிட்டால் வருடம் 4,800. சினிமாவைத் தவிர மற்ற 3 டிபியும் அதில் அடங்கும். ஒன்று உங்களிடம், மற்றது மேட்டுப்பாளையத்தில். மாதம் இறங்கும்போது மாற்றி எடுத்துவர வேண்டும். கிளவுடையும் சேர்த்து வருடம் 11,000 ரூபாய்க்குச் சற்று மேலே வேலை முடிகிறது. இணையமே இல்லாத நாளிலும் தங்கை வீட்டு டிஸ்க்கைக் கொண்டுவந்து ஒரே நாளில் ஸ்டுடியோவை ஓட வைக்கலாம்.

2009 நவம்பரில் நீலகிரியில் நிலச்சரிவில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்ததை நாம் மறக்கவில்லை. அப்படிப்பட்ட மழையில் ஒரே சரிவில் இருக்கும் பக்கத்து வீட்டில் காப்பி வைத்துப் பயனில்லை. சமவெளியில் வைப்பது நல்லது. ஆனால் பில்லூர் அணை திறந்தால் பவானி பெருகும் ஊர் மேட்டுப்பாளையம், எனவே டிஸ்க் மாடியில் இருக்கட்டும். நம் பக்கம் இருக்கும் டிஸ்க்கை, லென்ஸில் பூஞ்சை வராமல் காப்பீர்களே, அதே காற்றுப்புகாத டப்பாவில் சிலிகா ஜெல்லோடு வையுங்கள்.

இரண்டு டிஸ்க்கையும் கட்டாயம் கடவுச்சொல் போட்டு என்க்ரிப்ட் செய்யுங்கள். அதில் இருப்பது பிறர் வீட்டுக் கல்யாணம், பஸ்ஸில் தொலைந்தால் யார் கையிலும் போகக்கூடாது. கிளவுடுக்கும் அப்படியே. அந்தக் கடவுச்சொல்லைத் தாளில் எழுதி உங்கள் பீரோவில் ஒன்று, தங்கையிடம் ஒன்று. அது தொலைந்தால் யாராலும் திறந்து தர முடியாது.

கிளவுட் பக்கம் பழைய பதிப்புகளை 90 நாளாவது வைத்திருக்கும்படி அமையுங்கள். வெறும் ஒத்திசைவு போட்டால் இங்கே அழிந்தது அங்கேயும் அழியும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, வெவ்வேறு வருடங்களிலிருந்து இருபது ஃபைல்களை இறக்கித் திறந்து பாருங்கள். தினமும் "வெற்றி" என்று பச்சை விளக்கு காட்டிய பேக்கப்பில், பின்னால் உருவாக்கிய ஃபோல்டர் பட்டியலில் சேராமலே ஒன்றரை வருடம் ஓடியதை நான் பார்த்திருக்கிறேன்.

தங்கை வீட்டில் இன்னொரு நாஸ் வாங்கி வைத்தால் என்ன என்றும் நினைப்பீர்கள். வெவ்வேறு இடத்துக் கருவிகளை இணையம் வழியே தனி வலையாகச் சேர்க்கும் டெயில்ஸ்கேல் போன்றவற்றால் இரண்டையும் இணைப்பது சுலபம். 20 வாட் இழுக்கும் சின்ன நாஸ் இரண்டு மாத பில்லில் 29 யூனிட் கூட்டும், அதைத் தங்கையிடம் சொல்லிவிட்டுத்தான் செய்ய வேண்டும். பெட்டி, டிஸ்க், யுபிஎஸ் எல்லாம் சேர்ந்தால் முதல் செலவே பெரிது, அங்கே பழுதானால் பார்க்கவும் ஆள் வேண்டும். மாதம் ஒருமுறை இறங்குவது நின்றுபோகும்வரை உங்களுக்கு இரண்டு டிஸ்க் போதும். ஐப்பசி மழைக்கு முன் முதல் டிஸ்க் மேட்டுப்பாளையம் போய்ச் சேரட்டும்.