நாற்பது ஆண்டுக்கு முந்தைய படைவிடுவிப்புச் சான்றை இப்போது திருத்த முடியுமா?

கேள்வி: நான் டெக்சஸில் வசிக்கிறேன். என் கணவர் அமெரிக்கர். அவருடைய பெரியப்பா 1980களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கடற்படையில், பெரும்பாலும் கப்பலில், பணியாற்றியவர். தன்பாலீர்ப்பாளர் என்று தெரியவந்ததும் 1984இல் வெளியேற்றிவிட்டார்கள். ராணுவ நீதிமன்ற விசாரணை எதுவும் நடக்கவில்லை என்கிறார். அவரிடம் இருக்கும் விடுவிப்புத் தாளில் காரணம் எதுவும் இல்லை. ஆனால், “இன்னொரு தாளில் எல்லாம் இருக்கிறது” என்று சொல்லி, முன்னாள் படைவீரருக்கான எந்தச் சலுகையையும் இதுவரை கேட்டதே இல்லை. இப்படி வெளியேற்றப்பட்டவர்களின் ஆவணங்களை அரசே திருத்திவிட்டது என்று செய்தியில் படித்தேன். அவருடையதும் திருந்தியிருக்குமா? இல்லையென்றால் காலம் கடந்துவிட்டதா? மனுப் போட ஒரு வழக்கறிஞர் பெரிய தொகை கேட்கிறார்.

பதில்: திருந்தியிருக்காது. ஆனால் திருத்த முடியும். காலமும் முழுதாகக் கடந்துவிடவில்லை. வழக்கறிஞருக்கு இப்போதே பணம் கட்டாதீர்கள்.

நீங்கள் படித்த செய்தி உண்மைதான். அது பெரியப்பாவின் காலத்தைத் தொடவில்லை. தன்பாலீர்ப்பாளர் என்று வெளியே தெரிந்தால் படையிலிருந்து விலக்கிய, ‘கேட்காதே, சொல்லாதே’ என்று அழைக்கப்பட்ட சட்டம் 1993இல் இயற்றப்பட்டு, 2011 செப்டம்பர் 20 அன்று முடிவுக்கு வந்தது. அந்தச் சட்டத்தின் கீழ், முழு மரியாதையில்லாத சான்றோடு வெளியேற்றப்பட்டவர்களின் கோப்புகளைத்தான் பாதுகாப்புத் துறை 2023இல் தானாக எடுத்துப் பார்க்கத் தொடங்கியது. 2024 அக்டோபரில் முடிவை அறிவித்தபோது, ஆராய்ந்த 851 கோப்புகளில் 96.8 சதவீதத்துக்குச் சாதகமான முடிவு கிடைத்திருந்தது. 1984இல் வெளியேற்றப்பட்டவர் அதற்கு முந்தைய விதியின் கீழ் வருகிறவர். அவர் கோப்பை யாரும் தானாகத் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள். அவரேதான் கேட்க வேண்டும்.

2024 ஜூனில் அதிபர் பைடன் அறிவித்த பொதுமன்னிப்பும் உங்கள் கண்ணில் பட்டிருக்கலாம். அது, சம்மதத்தோடு நடந்த தன்பாலுறவையும் குற்றமாக வைத்திருந்த ராணுவச் சட்டத்தின் பழைய 125ஆம் பிரிவின் கீழ் ராணுவ நீதிமன்றத்தில் தண்டனை பெற்றவர்களுக்கு. பெரியப்பா மீது விசாரணையே நடக்கவில்லை என்பதால் அதை விட்டுவிடுங்கள்.

முதல் வேலை, அவர் சொல்லும் அந்த ‘இன்னொரு தாளை’ வாங்குவது. விடுவிப்புச் சான்றின் பெயர் டிடி 214. அந்தக் காலப் படிவத்தில் வீரருக்கு இயல்பாகக் கொடுக்கப்பட்ட முதல் பிரதியில் அடிப்பகுதி இருக்காது; வேலை கேட்டுப் போகும் இடத்தில் காட்டுவதற்கான பிரதி அது. நான்காம் பிரதியில்தான் 23 முதல் 30 வரையிலான கட்டங்கள் இருக்கும். 24ஆவது கட்டம் பணியின் தரத்தைச் சொல்லும்: ‘ஆனரபிள்’ என்றால் முழு மரியாதை, ‘ஜெனரல்’ அதற்கு அடுத்தது, ‘அதர் தேன் ஆனரபிள்’ அதற்கும் கீழ். 25இல் எந்த விதியின் கீழ் விடுவித்தார்கள் என்பது இருக்கும். 26இல் மூன்றெழுத்துக் குறியீடு, 27இல் மீண்டும் படையில் சேரத் தகுதி உண்டா என்ற குறியீடு, 28இல் காரணம், எழுத்தில். குறியீட்டின் கடைசி இரண்டு எழுத்துகள் ஆர்ஏ, ஆர்பி, ஆர்சி என்று முடிந்தால், முறையே ‘செயல்’, ‘வாக்குமூலம்’, ‘திருமணம்’ என்ற பெயரில் தன்பாலீர்ப்புக்காக வெளியேற்றினார்கள் என்று பொருள். அதாவது 28ஆவது கட்டத்தை மறைத்தாலும் 26 காட்டிக்கொடுத்துவிடும்.

செயின்ட் லூயிஸில் உள்ள தேசியப் பணியாளர் ஆவண மையத்துக்கு, எஸ்எஃப் 180 என்ற படிவத்திலோ இணையவழியிலோ விண்ணப்பியுங்கள். பெரியப்பாதான் கையொப்பமிட வேண்டும். நான்காம் பிரதியை மட்டும் கேட்காமல் முழுப் பணிக்கோப்பையும் கேளுங்கள். மேலதிகாரிகள் அவருக்குப் போட்ட மதிப்பெண்கள், பதக்கங்கள், வெளியேற்றத்துக்கு முன் நடந்த விசாரணையின் தாள்கள் எல்லாம் அதில்தான் இருக்கும். கோப்பைப் பார்க்காமல் மனு எழுதுவது வீண்வேலை. “அன்று என்ன எழுதினார்கள் என்றே எனக்குத் தெரியாது” என்று பலர் சொல்வார்கள். அது உண்மைதான். மிரண்டுபோய் நீட்டிய இடத்தில் கையொப்பமிட்டவர்கள் அவர்கள்.

கோப்பு வந்ததும் ஒரே ஒரு கேள்விக்கு விடை தேடுங்கள்: தன்பாலீர்ப்பைத் தவிர வேறு குற்றச்சாட்டு எதுவும் அதில் இருக்கிறதா? உங்கள் மனுவின் தலையெழுத்து இந்த விடையில்தான் இருக்கிறது. 2011 செப்டம்பர் 20 அன்றே, பாதுகாப்புத் துறையின் துணைச் செயலர் கிளிஃபர்ட் ஸ்டான்லி, விடுவிப்புச் சான்றுகளை மறுஆய்வு செய்து திருத்தும் வாரியங்களுக்கு ஒரு வழிகாட்டுக் குறிப்பு அனுப்பினார். ‘கேட்காதே, சொல்லாதே’ சட்டமோ அதற்கு முன்பிருந்த அதுபோன்ற கொள்கையோ மட்டுமே வெளியேற்றத்துக்குக் காரணமாக இருந்து, கோப்பில் முறைகேடு போன்ற மோசமான அம்சம் எதுவும் இல்லையென்றால், கோரிக்கையை வழக்கமாக ஏற்க வேண்டும் என்கிறது அது. ‘அதற்கு முன்பிருந்த’ என்பதில்தான் பெரியப்பா நுழைகிறார்.

கடற்படைக்காரர் விஷயத்தில் இங்கே ஒரு சிக்கல் உண்டு. 1980களின் விதிப்படி, தன்பாலீர்ப்பு என்பதற்காக மட்டும் ராணுவ நீதிமன்றம் இல்லாமல் கொடுக்கக்கூடியவற்றில் மிகக் கீழான ‘அதர் தேன் ஆனரபிள்’ தரத்தைக் கொடுக்க முடியாது. பலவந்தம், சிறார், கீழ்நிலை ஊழியர், பணத்துக்காக, பொது இடத்தில் என்று சில நிலைமைகளில் ஒன்றாவது இருக்க வேண்டும். அந்தப் பட்டியலில் ‘ராணுவக் கப்பலிலோ விமானத்திலோ’ என்பதும் ஒன்று. ஆண்டின் பாதியைக் கப்பலிலேயே கழிக்கும் ஓர் இளைஞனுக்கு அந்த விதி என்ன செய்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பலவந்தத்தையும் கப்பல் அறையையும் ஒரே வரிசையில் வைத்தவர்களின் நியாயம் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

பெரியப்பாவின் 24ஆவது கட்டத்தில் ‘ஆனரபிள்’ என்றோ ‘ஜெனரல்’ என்றோ இருந்தால் பாதை சுலபம். ‘அதர் தேன் ஆனரபிள்’ என்றிருந்து, அதற்குக் காரணம் கப்பல் என்றால் மனுவில் நேராக அதை எதிர்கொள்ளுங்கள், ஒளிக்காதீர்கள். இருவரின் சம்மதத்தோடு நடந்ததை, அதே இடத்தில் ஓர் ஆணும் பெண்ணும் செய்திருந்தால், கப்பல் தலைவர் முன் நிறுத்திச் சிறு தண்டனையோடு முடித்திருப்பார்களா, படையைவிட்டே துரத்தியிருப்பார்களா என்ற ஒப்பீட்டை வாரியத்தின் முன் வையுங்கள். அநீதியையும் காலப்போக்கில் மாறிய கொள்கையையும் கருணையோடு எடைபோட வேண்டும் என்று 2018 ஜூலையில் பாதுகாப்புத் துறையின் ராபர்ட் வில்கி அனுப்பிய ‘வில்கி குறிப்பு’ வாரியங்களுக்குச் சொல்கிறது. அதையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். வேறு உண்மையான குற்றம், எடுத்துக்காட்டாகத் திருட்டு, கோப்பில் இருந்தால் கதை வேறு. அப்போது வழக்கறிஞர் தேவைப்படலாம்.

அடுத்து, எந்த வாரியம். விடுவிப்பு மறுஆய்வு வாரியத்துக்கு, டிடி 293 படிவத்தில், 15 ஆண்டுகளுக்குள் போக வேண்டும். அந்தக் கதவு 1999இலேயே மூடிவிட்டது. மிச்சமிருப்பது கடற்படை ஆவணத் திருத்த வாரியம். படிவம் டிடி 149. இதற்கு, பிழையை அறிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு என்ற கெடு இருக்கிறது. ஆனால் நீதியின் பொருட்டு அதைத் தள்ளுபடி செய்யும் அதிகாரம் வாரியத்துக்குச் சட்டப்படி உண்டு. தாமதத்துக்குக் காரணம் கேட்கும் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். 2011 வரை கேட்டிருந்தாலும் பயனில்லை, அதற்குப் பிறகும் தன் காலத்து ஆட்கள் கேட்கலாம் என்று யாரும் சொல்லவில்லை, கோப்பையே இப்போதுதான் பார்த்தேன் என்பவை உண்மையாக இருந்தால் அப்படியே எழுதலாம்.

என்ன வேண்டும் என்று எழுதும் இடத்தில்தான் நிறைய மனுக்கள் கோட்டைவிடுகின்றன. “என் தரத்தை ஆனரபிள் ஆக்குங்கள்” என்று மட்டும் எழுதுகிறார்கள். வாரியமும் அதைச் செய்துவிடுகிறது. 28ஆவது கட்டத்தில் பழைய காரணம் அப்படியே உட்கார்ந்திருக்கும். ஆகவே ஒவ்வொன்றாகக் கேளுங்கள்: தரம் ‘ஆனரபிள்’, காரணம் ‘செக்ரட்டேரியல் அதாரிட்டி’, அதாவது துறைச் செயலரின் அதிகாரப்படி, குறியீடு ஜேஎஃப்எஃப், மறுசேர்க்கைக் குறியீடு ஆர்இ-1, விதி எண்ணும் இவற்றுக்கு ஏற்றபடி. இந்த வயதில் அவர் மறுபடி கப்பலேறப் போவதில்லை என்றாலும் மீண்டும் சேரத் தகுதியில்லை என்னும் பழைய ஆர்இ-4 இருந்தால் யாராவது ஏன் என்று கேட்பார்கள். கடைசியாக, புதிய டிடி 214 வேண்டும் என்று எழுதுங்கள். இல்லையென்றால் டிடி 215 என்ற திருத்தத் தாளை அனுப்பிவிடுவார்கள். அதைப் பழைய சான்றோடு சேர்த்துத்தான் காட்ட வேண்டும். பழைய சான்றில் பழைய சொல் அப்படியே இருக்கும்.

மனுவோடு பெரியப்பாவின் வாக்குமூலம் ஒன்று, இரண்டு பக்கத்துக்குள், அவருடைய சொற்களில் இருக்கட்டும். எந்தக் கப்பல், என்ன வேலை, என்ன பாராட்டு, யார் விசாரித்தார்கள், வழக்கறிஞரைப் பார்க்க விட்டார்களா, கையொப்பமிடாவிட்டால் என்ன ஆகும் என்றார்கள், பிறகு வாழ்க்கை எப்படிப் போனது. மன்னிப்புக் கேட்கும் தொனி வேண்டாம். அன்றைய அதிகாரிகள் கடமையை ஒழுங்காகச் செய்தார்கள் என்ற அனுமானத்தில்தான் வாரியம் தொடங்கும். அதை அசைப்பது பொதுவான கோபம் அல்ல, தேதியும் தாளும். உடன் பணிசெய்தவர் ஒருவரின் கடிதம் கிடைத்தால் பொன். வேலை பார்த்த இடத்தின் சான்று, ஊர்ப்பணி செய்திருந்தால் அதன் சான்று ஆகியவையும் சேரலாம்.

கோப்பே இல்லை என்று பதில் வந்தால் கைவிட்டுவிட வேண்டாம் என்பது மற்ற வாசகர்களுக்காக. 1973 ஜூலையில் செயின்ட் லூயிஸ் மையத்தில் எரிந்த தீயில் பழைய தரைப்படை, விமானப்படைக் கோப்புகள் பெரும்பகுதி சாம்பலாயின. கடற்படைக் கோப்புகள் அந்தக் கணக்கில் இல்லை. எட்வர்ட் ஸ்பயர்ஸ் என்பவர் 1948இல் விமானப்படையிலிருந்து விரட்டப்பட்டவர். அவருடைய கோப்பு தீயில் போய்விட்டது என்று முதலில் மறுத்தார்கள். யேல் சட்டப் பள்ளியின் மாணவர் சட்ட உதவிக் குழு வழக்குத் தொடுத்த பிறகு, 2017இல், 91 வயதில், ஆனரபிள் சான்று வந்தது. இறந்துபோனவருக்காகத் துணைவரோ நெருங்கிய உறவினரோ இறப்புச் சான்றுடன் மனுப் போடவும் இடமுண்டு.

ஆவணத்தில் காரணம் அச்சாகியிருப்பவர்களுக்காகக் கலிஃபோர்னியக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் 2023இல் ஒரு கூட்டு வழக்குப் போடப்பட்டு, 2025இல் உடன்பாட்டில் முடிந்தது. ஆனரபிள் தரம் உள்ளவர்கள் காரணத்தை மட்டும் நீக்கச் சுருக்கமான வழியும், குறைந்த தரம் உள்ளவர்களுக்குக் கூட்டு மறுஆய்வும் அதில் உண்டு. நான்காம் பிரதி கைக்கு வந்ததும் பெரியப்பா அதில் வருவாரா என்று கட்டாயம் விசாரியுங்கள். வந்தால் மேலே சொன்ன உழைப்பில் பாதி மிச்சம்.

வாரியத்தின் முடிவுக்கு மாதக்கணக்கில் ஆகும். சட்டம் அவர்களுக்குத் தந்திருக்கும் வெளி எல்லை 18 மாதம். அதுவரை மருத்துவத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. முன்னாள் படைவீரர் நலத்துறை தன் சலுகைகளுக்கான தகுதியைத் தனியாகத் தீர்மானிக்கிறது. தன்பாலீர்ப்புக்காக ‘அதர் தேன் ஆனரபிள்’ பெற்றவர்களை, வேறு தடை இல்லையென்றால், தகுதியுள்ளவர்களாகக் கருதும்படி 2021 செப்டம்பரில் அத்துறை தன் அலுவலர்களுக்கு அறிவுறுத்தியது. ஆகவே இரண்டு விண்ணப்பங்களும் ஒரே வாரத்தில் போகலாம்.

வழக்கறிஞர் விஷயம்: டிடி 149க்கு அரசுக் கட்டணம் கிடையாது. உங்கள் கவுண்டியில், அதாவது மாவட்டம் போன்ற உள்ளாட்சிப் பகுதியில், முன்னாள் படைவீரர் சேவை அலுவலர் இருப்பார். சம்பளம் அரசு கொடுக்கிறது. சட்டக் கல்லூரிகளின் இலவச உதவி மையங்கள் பல இத்தகைய மனுக்களை எடுக்கின்றன. வாரியம் மனுவை மறுத்துவிட்டால் புதிய சான்றுடன் மறுபரிசீலனை கேட்கலாம். அதன் பிறகு கூட்டாட்சி நீதிமன்றம். வழக்கறிஞருக்கான பணத்தை அந்தக் கட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. அந்தக் காலத்தில் பலர் தங்கள் டிடி 214ஐக் கவுண்டி அலுவலகத்தில் பதிவுசெய்து வைத்தார்கள். பெரியப்பாவோ அவருடைய பெற்றோரோ அப்படிச் செய்தார்களா என்று கேளுங்கள். செய்திருந்தால், புதிய சான்று வந்த அன்றே அதைப் பதிவுசெய்து, பழையதைப் பிறர் பார்வையிலிருந்து எடுக்க என்ன வழி என்று அந்த அலுவலகத்தில் விசாரியுங்கள். கடற்படை தன் கோப்பைத் திருத்தினாலும் கவுண்டியில் இருக்கும் நகல் தானாக மாறாது.