60 சதவீத அடைப்பு: ஸ்டென்டுக்கு முன் ஸ்ட்ரெஸ் சி.டி. தேவையா?

கேள்வி: எனக்கு வயது 58. ஏற்காட்டில், நாகலூர்ப் பக்கம் இரண்டு ஏக்கரில் காப்பியும் மிளகும் வைத்திருக்கிறேன். பழம் பறிக்கும் நாட்களில் சுமையோடு மேடேறினால் நெஞ்சு இறுக்குகிறது. நின்றால் இரண்டு நிமிடத்தில் விட்டுவிடுகிறது. சேலத்தில் சி.டி. ஆஞ்சியோகிராம் எடுத்ததில், இதயத்தின் முன்பக்க ரத்தக்குழாயில் 60 சதவீத அடைப்பு என்று வந்திருக்கிறது. ஒரு டாக்டர் ஸ்டென்ட் வைத்துவிடலாம் என்கிறார். இன்னொருவர் ‘ஸ்ட்ரெஸ் சி.டி.’ பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்கிறார். ஒரு ஸ்கேன் எடுத்தாயிற்றே, மறுபடியும் எதற்கு? பனிக்காலத்தில் எனக்கு மூச்சிழுப்பும் வரும்.

பதில்: இரண்டாவது டாக்டர் சொல்வதுதான் சரியென்று எனக்குப் படுகிறது.

நீங்கள் எடுத்தது குழாயின் படம். எந்த இடத்தில், எவ்வளவு ஒடுங்கியிருக்கிறது என்று அது காட்டும். அந்தக் குழாயை நம்பியிருக்கும் தசைக்கு ரத்தம் போதுகிறதா என்பதைக் காட்டாது. மதகு பாதி இறங்கியிருப்பதைப் பார்ப்பது ஒன்று. கடைமடை வயலில் ஈரம் இருக்கிறதா என்று போய்ப் பார்ப்பது வேறு. அதிலும், சுவரில் கால்சியம் படிந்த குழாய் சி.டி.யில் உள்ளதைவிட அதிகம் அடைபட்டதாகத் தெரியும். ஆகவே 60 என்ற எண்ணைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போது, குழாய் 85 சதவீதம் வரை ஒடுங்கினாலும் ரத்த ஓட்டம் பெரிதாகக் குறைவதில்லை. அடைப்புக்கு அப்பால் இருக்கும் சிறு நாளங்கள் தாமாக விரிந்து சமாளித்துக்கொள்ளும். 1974இல் லான்ஸ் கூல்ட் என்ற அமெரிக்க இதய மருத்துவரும் சக ஆய்வாளர்களும் விலங்குச் சோதனையில் இதைக் காட்டினார்கள். சிக்கல் உழைக்கும்போது வருகிறது. இதயம் மூன்று நான்கு மடங்கு ரத்தம் கேட்கும். ஏற்கெனவே விரிந்துவிட்ட நாளங்களுக்கு மேலும் விரிய இடமிருக்காது. பாதி அடைப்பிலேயே தட்டுப்பாடு தொடங்கிவிடலாம். மேட்டில் இறுக்கி, நின்றதும் விடுகிற உங்கள் வலியின் குணம் இதற்குப் பொருந்துகிறது. ஆனால் 60 சதவீத அடைப்புள்ள எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. அதனால்தான் சோதித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஸ்ட்ரெஸ் சி.டி.க்கு நீங்கள் ஓட வேண்டியதில்லை. ஸ்கேன் மேசையில் படுத்திருக்கும்போதே அடினோசின் என்ற மருந்து கை நரம்பு வழியாக மூன்று நான்கு நிமிடம் ஏறும். நல்ல நாளங்கள் அகல விரியும். அந்த நேரத்தில் அயோடின் கலந்த கான்ட்ராஸ்ட் மருந்தைச் செலுத்திப் படம் எடுப்போம். ரத்தம் தாராளமாகப் போகும் தசை வெளுப்பாகத் தெரியும். போதாத இடத்தில், தசையின் உட்புற ஓரமாக ஒரு கரிய பட்டை படிந்திருக்கும். ஓய்வில் எடுக்கும் படத்தில் அதே பட்டை மறைந்துவிட்டால், தசை உயிரோடு இருக்கிறது, உழைக்கும்போது மட்டும் வாடுகிறது என்று பொருள். இரண்டு படத்திலும் இருந்தால், அது பெரும்பாலும் பழைய மாரடைப்பின் தழும்பு.

மருந்து ஏறும்போது முகம் சூடாகும், மூச்சு வாங்கும், நெஞ்சு கனக்கும். பயப்பட வேண்டாம். ரத்தத்தில் அடினோசினின் ஆயுள் சில விநாடிகள்தான். நிறுத்தினால் ஒன்றிரண்டு நிமிடத்தில் எல்லாம் அடங்கிவிடும்.

இனி காப்பி. மலையில் இருப்பவர்களிடம் இதை நான் இரண்டு முறை சொல்வதுண்டு. ஒரு பனிக்காலக் காலையில், ஏற்காட்டிலிருந்து முதல் பஸ்ஸில் இறங்கி வந்த பெரியவர் ஒருவர் ஸ்கேன் மேசையில் படுத்துவிட்டார். வெறும் வயிறுதானே என்று நர்ஸ் கேட்டதற்கு ஆமாம் என்றார். கையில் ஊசி ஏற்றும்போது, “அடிவாரத்தில் ஒரு டம்ளர் காப்பி மட்டும் குடித்தேன் அம்மா, அது வயிற்றுக்குக் கணக்கில்லையே” என்றார். அன்றைய சோதனையைத் தள்ளிவைத்தோம். தவறு எங்களுடையது, காரணத்தோடு சொல்லியிருந்தால் அவர் குடித்திருக்க மாட்டார். அடினோசின் போய் உட்கார வேண்டிய இடத்தில் காஃபீன் முன்னதாக உட்கார்ந்துகொள்ளும். நாளங்கள் விரியாது, தட்டுப்பாடு தெரியாது, நோய் இருந்தும் படம் நன்றாக வந்துவிடும். காப்பி, டீ, சாக்லேட், கோலா எதுவும் 24 மணி நேரத்துக்கு வேண்டாம்.

உங்கள் மூச்சிழுப்பு இதைவிட முக்கியமானது. அதற்கு டெரிஃபிலின் சாப்பிடுகிறீர்களா? அதிலுள்ள தியோஃபிலினும் காஃபீனைப் போலவே அடினோசினைத் தடுக்கும். நீங்களாக நிறுத்திவிடாமல் டாக்டரைக் கேளுங்கள். நெஞ்சில் விசில் சத்தம் இருக்கும் நாளில் அடினோசின் கொடுக்கவே கூடாது, மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடும். இதயத் துடிப்பைக் குறைக்கத் தரும் சில மாத்திரைகளும் இழுப்பைத் தூண்டும் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இழுப்பு அடிக்கடி வருமென்றால், உங்களுக்கு நான் இதயத்தை வேகமாகத் துடிக்கவைக்கும் டோபுடமின் மருந்து கொடுத்து, ஒலி அலைகளால் இதயத்தைப் பார்க்கும் ஸ்ட்ரெஸ் எக்கோவையே தேர்ந்தெடுப்பேன். கேள்வி ஒன்றுதான், அதற்கு விடை தேடும் வழி வேறு. ஸ்ட்ரெஸ் சி.டி. எல்லா ஸ்கேன் மையங்களிலும் செய்வதில்லை என்பதால், இந்த மாற்று வழி தெரிந்திருப்பது நல்லது.

சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தச் சோதனையைப் பார்த்துக்கொள்ளுங்கள், கான்ட்ராஸ்ட் மருந்து சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும். கதிர்வீச்சு கொஞ்சம் கூடும், ஆனால் தேவையில்லாத ஸ்டென்ட் ஒன்றைத் தவிர்க்க அது நியாயமான விலை. பழைய சி.டி. படத்தையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

தட்டுப்பாடு இருக்கிறது என்று வந்தால்கூட மறுநாளே ஸ்டென்ட் என்று ஆகிவிடாது. 5,179 பேரைக் கொண்டு நடந்து 2020இல் வெளியான ‘இஸ்கீமியா’ ஆய்வில், திடீரென முற்றாமல் நிலையாக இருக்கும் இதயக்குழாய் நோய் உள்ளவர்களுக்கு உடனே ஸ்டென்ட் அல்லது பைபாஸ் செய்ததால், மருந்தோடு தொடங்கியவர்களைவிட உயிரிழப்பு குறையவில்லை. அடிக்கடி வலி வந்தவர்களுக்கு வலி நன்றாகக் குறைந்தது உண்மை. இடதுபக்கத் தலைமைக் குழாயில் பெரிய அடைப்பு உள்ளவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை. அவர்கள் கதை வேறு. உங்கள் டாக்டரிடம், “கருத்த பகுதி எவ்வளவு பெரியது, மருந்து சாப்பிட்டும் எனக்கு வலி மிஞ்சுகிறதா” என்ற இரண்டையும் வைத்துப் பேசுங்கள். கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையும் ஆஸ்பிரினும் எழுதிக் கொடுத்திருந்தால் முடிவு வரும்வரை விடாமல் சாப்பிடுங்கள். சுமை தூக்குவதை நிறுத்திவையுங்கள்.

ஒன்று மட்டும் ஸ்கேனுக்குக் காத்திருக்கக் கூடாது. சும்மா இருக்கும்போதே இறுக்கம் வந்தாலோ, 15 நிமிடமாகியும் விடாவிட்டாலோ, வியர்த்துக் கொட்டினாலோ, 108ஐ அழையுங்கள். நீங்களே வண்டியை எடுத்துக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்காதீர்கள்.