கிண்டிக்கு அப்புறம், மாம்பலத்துக்கு முன்னால்

கேள்வி: −3 < 5 − 2எக்ஸ் ≤ 9 என்ற கணக்குக்கு என் மகள் 4 < எக்ஸ் ≤ −2 என்று விடை எழுதினாள். கழித்தல், வகுத்தல் எல்லாம் சரிதான். ஆனாலும் தப்பு என்று அடித்துவிட்டார்கள். ஏன்?
– ஒரு தாய், பெரம்பூர்

பதில்: அம்மா, கடற்கரையிலிருந்து தாம்பரம் போகும் மின்சார ரயிலில் ஏறிக்கொள்ளுங்கள். மாம்பலத்துக்கு அப்புறம், கிண்டிக்கு முன்னால் எந்த ஸ்டேஷன்? சைதாப்பேட்டை. சரி, கிண்டிக்கு அப்புறம், ஆனால் மாம்பலத்துக்கு முன்னால்? அப்படி ஒரு ஸ்டேஷன் கிடையாது. உங்கள் மகளின் விடையும் அதைத்தான் கேட்கிறது: 4-ஐவிடப் பெரியது, அதே சமயம் −2-ஐத் தாண்டாதது! (‘அல்லது’ என்று இணைத்திருந்தால் கோடம்பாக்கமும் பொருந்தும், பரங்கிமலையும் பொருந்தும்.)

மூன்று பக்கமும் 5-ஐக் கழித்தால் −8 < −2எக்ஸ் ≤ 4. இதுவரை பழுதில்லை. அடுத்து −2-ஆல் வகுக்கும்போது இரண்டு குறிகளும் திரும்ப வேண்டும், அதை விட்டுவிட்டாள். 2 < 5 என்பதை −1-ஆல் பெருக்கிப் பாருங்கள். −2 > −5 ஆகிவிடும். பூஜ்ஜியத்தில் கண்ணாடி வைத்த மாதிரி இடம் வலமாகிறது. நானும் பள்ளியில் இதே இடத்தில்தான் மார்க்கைத் தொலைத்தேன்.

ஆக, 4 > எக்ஸ் ≥ −2. திருப்பி எழுதினால் −2 ≤ எக்ஸ் < 4. எண்கோட்டில் −2-இல் நிரப்பிய வட்டம், 4-இல் வெற்று வட்டம். எக்ஸுக்கு 0 போட்டுச் சரிபார்க்கச் சொல்லுங்கள்: நடுவில் 5 வரும், −3-க்கும் 9-க்கும் இடையில் ஒழுங்காக உட்காரும்.