மாசியில் பொரித்த பெட்டி ஐப்பசியில் ஏன் ஏமாற்றியது?

கேள்வி: ஐயா, வணக்கம். நாங்கள் வேடசந்தூர் பக்கம். நாட்டுக்கோழி வளர்க்கிறேன். தெர்மாகோல் பெட்டியில் 2 குண்டு பல்பு, ஒரு கம்ப்யூட்டர் ஃபேன், சின்ன தெர்மோஸ்டாட் பலகை வைத்து வீட்டிலேயே இன்குபேட்டர் செய்திருக்கிறோம். மாசியில் 60 முட்டை வைத்து 43 குஞ்சு எடுத்தேன். ஐப்பசியிலும் அதே பெட்டியில் 60 வைத்தேன். 7-ம் நாள் டார்ச் அடித்துப் பார்த்து 8 கூமுட்டையை எடுத்துவிட்டேன். மிச்சம் 52-ல் 19 தான் பொரித்தது, அதுவும் 21-ம் நாள் சாயங்காலம். மற்றதை உடைத்துப் பார்த்தால் குஞ்சு முழுசாக வளர்ந்து, உள்ளே தண்ணீராக இருந்து, ஓட்டுக்குள்ளேயே செத்திருக்கிறது. வந்த குஞ்சுகளிலும் சிலது பிசுபிசுப்பாக, வயிறு பெருத்து இருந்தது. வெப்பம் 38, ஈரப்பத மீட்டரில் 58. தண்ணீர்த் தட்டு எப்போதும் போல 2. மழைக் குளிர் என்று காற்று ஓட்டைகளைத் துணி வைத்து அடைத்திருந்தேன். நடுவில் ஒருநாள் 3 மணி நேரம் கரண்ட் இல்லை. இடி விழுந்ததால்தான் கெட்டது என்கிறார் மாமியார். வெப்பம், ஈரப்பதம் எவ்வளவு வைக்க வேண்டும்? முட்டை மேல் தண்ணீர் தெளிக்கலாமா?

பதில்: வணக்கம் அம்மா. முழுசாக வளர்ந்த குஞ்சு கடைசி நாளில் ஓட்டுக்குள் செத்துக் கிடப்பதைப் பார்ப்பது எவ்வளவு வேதனை என்று எனக்குத் தெரியும். நான் முதன்முதலில் பெட்டி செய்து வைத்தபோதும் இப்படித்தான் ஆனது. அப்போது நான் வெப்பத்தைத்தான் சந்தேகப்பட்டேன். அரை டிகிரி கூட்டி, அரை டிகிரி குறைத்து இரண்டு அடை வீணாயிற்று. நீங்கள் அந்த வழியில் போக வேண்டாம். நீங்கள் எழுதியதிலேயே காரணம் இருக்கிறது.

பெட்டி அதே, தட்டு அதே, வெப்பமும் அதே. மாறியது வெளிக்காற்றும், நீங்கள் அடைத்த காற்று ஓட்டைகளும்தான்.

காற்றைச் சூடாக்கினால் அதன் ஈரப்பத விழுக்காடு இறங்கிவிடும். மாசியில் உங்கள் ஊரில் காற்று காய்ந்து கிடக்கும். வெளியே 27 டிகிரி, ஈரப்பதம் 50 என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காற்று பெட்டிக்குள் போய் 37.5 டிகிரிக்குச் சூடானால் ஈரப்பதம் 30-க்கும் கீழே போய்விடும். அங்கே உங்கள் இரண்டு தட்டும் சேர்ந்து அதை 50 பக்கம் தூக்கிவிட்டன. நல்ல பொரிப்பு கிடைத்தது. ஐப்பசி அடைமழையில் வெளியே 28 டிகிரி, ஈரப்பதம் 85 இருக்கும். இதே காற்று உள்ளே சூடானால், ஒரு சொட்டுத் தண்ணீர் வைக்காமலே 50 நிற்கும். நீங்கள் அதற்கு மேல் இரண்டு தட்டு வைத்து, காற்று ஓட்டையையும் அடைத்துவிட்டீர்கள். உள்ளே 70-ஐத் தொட்டிருக்கும் என்றே நினைக்கிறேன்.

ஒரு விஷயம் மட்டும் சொல்லிவிடுகிறேன், இது பலரும் ஏமாறும் இடம். மார்கழி விடியலில் பனி கொட்டும், புல் எல்லாம் நனைந்திருக்கும். ஈரம் அதிகம் என்று தண்ணீரைக் குறைத்துவிடுவோம். ஆனால் 20 டிகிரியில் 80 விழுக்காடு ஈரமுள்ள காற்று பெட்டிக்குள் சூடாகும்போது 30-க்கும் கீழே இறங்கிவிடும். அதாவது மார்கழியில் தண்ணீர் வேண்டும், ஐப்பசியில் வேண்டாம். தோலில் படும் ஈரத்தை வைத்து முடிவெடுக்க முடியாது.

சரி, ஈரம் கூடினால் குஞ்சு ஏன் சாக வேண்டும்? முட்டைக்குள் இருக்கும் நீரில் ஒரு பகுதி ஓட்டின் நுண்துளைகள் வழியாக 18 நாளில் வெளியேற வேண்டும். அது போன இடத்தில்தான் அகன்ற முனையில் காற்றறை பெரிதாகிறது. குஞ்சு முதல் மூச்சை வெளிக்காற்றில் விடுவதில்லை. ஓட்டைக் கொத்துவதற்கு முன்பே, உள்சவ்வைக் குத்தி அந்தக் காற்றறைக்குள் மூக்கை விட்டு மூச்சு விடுகிறது. நீர் வெளியேறாவிட்டால் காற்றறை சின்னதாக இருக்கும், குஞ்சு ஊதிப்போய் திரும்ப இடமில்லாமல் இருக்கும், சுற்றிலும் திரவம் நிற்கும். மூச்சு விட வந்த இடத்தில் அது முங்கிப்போகிறது. உங்கள் முட்டைகளில் இருந்த தண்ணீரும், வந்த குஞ்சுகளின் பெருத்த வயிறும் பிசுபிசுப்பும் இதைத்தான் சொல்கின்றன. வளர்ந்த குஞ்சுக்குக் காற்றும் அதிகம் தேவை. கடைசி நாட்களில் பெட்டியின் காற்று ஓட்டைகள் அடைபட்டிருந்தது இன்னொரு அடி. குளிருக்காக ஓட்டையை ஒருபோதும் அடைக்காதீர்கள். குளிர் தாங்கவில்லை என்றால் பெட்டியின் மேல் சாக்குப் போடுங்கள், ஓட்டைகள் திறந்தே இருக்கட்டும்.

மீட்டர் 58 காட்டியதே என்று கேட்பீர்கள். மலிவான சின்ன மீட்டர்களில் 10 புள்ளி வித்தியாசம் சாதாரணம். வீட்டிலேயே சோதிக்கலாம். பாட்டில் மூடி ஒன்றில் உப்பைப் போட்டு, கரைந்து ஓடாமல் சேறு மாதிரி ஆகும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விடுங்கள். அதையும் மீட்டரையும் இறுக மூடும் டப்பாவில் ஒன்றாக வைத்து, ஒரு ராத்திரி விட்டு, காலையில் திறக்காமல் பாருங்கள். சரியான மீட்டர் 75 காட்டும். உங்களுடையது 65 காட்டினால் 10 குறைத்துக் காட்டுகிறது என்று அர்த்தம். அப்படியானால் நீங்கள் பார்த்த 58 உண்மையில் 68.

ஆனால் மீட்டரைவிட நான் நம்புவது எடைத் தராசை. கிராம் காட்டும் சமையலறைத் தராசு போதும். முட்டை வைக்கும் நாளில் 10 முட்டையை எடுத்து, ஒவ்வொன்றின் எடையையும் அதன் ஓட்டிலேயே பென்சிலால் எழுதுங்கள். மொத்தம் 450 கிராம் என்று வைத்துக்கொள்வோம். 18 நாளில் சுமார் 12 விழுக்காடு, அதாவது 54 கிராம் குறைய வேண்டும். நாளுக்கு 3 கிராம். அப்போது 6-ம் நாள் 432, 12-ம் நாள் 414, 18-ம் நாள் 396 வர வேண்டும். 6-ம் நாள் 440 இருந்தால் நீர் சரியாக வெளியேறவில்லை, தட்டை எடுத்துவிடுங்கள். 424 ஆகிவிட்டால் வேகமாகக் காய்கிறது, தட்டைக் கூட்டுங்கள். ஒன்றிரண்டு கிராம் முன்னே பின்னே இருப்பதைப் பற்றிக் கவலை வேண்டாம். 7-ம் நாள் கூமுட்டை எடுத்தால், அதன் ஓட்டில் எழுதிய எடையைத் தொடக்க மொத்தத்திலிருந்து கழித்துவிட்டுப் புதுக்கணக்குப் போடுங்கள். இதிலுள்ள நன்மை என்னவென்றால், தவறு நடக்கும்போதே தெரிந்துவிடும், திருத்திக்கொள்ள 12 நாள் மிச்சம் இருக்கும். மீட்டர் பொய் சொன்னாலும் முட்டையின் எடை சொல்லாது.

எண்ணாகத்தான் வேண்டும் என்றால், முதல் 18 நாள் 50 முதல் 55 வரை, கடைசி 3 நாள் 65 முதல் 70 வரை. தண்ணீரின் ஆழம் ஒரு பொருட்டே இல்லை, பரப்புதான் கணக்கு. ஆழமான டம்ளரைவிட அகலமான தட்டு அதிக ஈரம் தரும். இன்னும் வேண்டுமானால் தட்டில் ஒரு பஞ்சுத்துணியை நனைத்து நிறுத்தி வையுங்கள். ஊற்றும் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கட்டும்.

தெளிப்பது வேண்டாம். தெளித்தால் ஓடு சில்லிட்டுப் போகும், நனைந்த நுண்துளை வழியாகக் கிருமி உள்ளே போக வழி கிடைக்கும். அதிலும் கடைசி 3 நாளில் பெட்டியைத் திறந்து தெளிப்பது மிகவும் கெடுதல். திறந்த நொடியில் உள்ளே இருந்த ஈரக்காற்று ஓடிவிடும். அந்த நேரத்தில் ஓட்டைக் கொத்தியிருக்கும் குஞ்சின் மேல் சவ்வு காய்ந்து, தோல் மாதிரி இறுகி ஒட்டிக்கொள்ளும். அப்புறம் அதனால் திரும்பி ஓட்டை அறுக்க முடியாது. 18-ம் நாளே தட்டுகளை நிரப்பி, தட்டிலிருந்து ஒரு சின்ன டியூபைப் பெட்டிக்கு வெளியே விட்டு வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் குறைந்தால் அதன் வழியாகவே ஊற்றலாம். முதல் கொத்து விழுந்து குஞ்சு வெளியே வர 12 முதல் 24 மணி நேரம் ஆகும். பொறுத்திருங்கள், கையால் உரிக்காதீர்கள். முதலில் வந்த குஞ்சு பசியோடு கிடக்கிறதே என்று திறக்கவும் வேண்டாம். உள்ளிழுத்த மஞ்சள் கரு அதற்கு ஒரு நாளுக்கு மேலேயே தாங்கும்.

இனி வெப்பம். உங்கள் குஞ்சுகள் 21-ம் நாளில் வந்தன. ஆகவே வெப்பம் பெரிய அளவில் தப்பவில்லை. கூடியிருந்தால் 19, 20-லேயே தொப்புள் ஆறாமல் வரும். குறைந்திருந்தால் 22, 23 வரை இழுக்கும். ஃபேன் உள்ள பெட்டிக்கு 37.5 முதல் 37.7 போதும். 38 என்பது ஃபேன் உள்ள பெட்டிக்குக் கொஞ்சம் அதிகம். ஃபேன் இல்லாத பெட்டியில் மேலே சூடாகவும் கீழே குறைவாகவும் இருக்கும் என்பதால், அங்கே முட்டையின் மேல்மட்டத்தில் அளந்து 38.3 முதல் 38.9 வரை வைப்பார்கள். இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய.

உங்கள் தெர்மோஸ்டாட் பலகை கடைகளில் கிடைக்கும் டபிள்யூ-1209 வகையாக இருந்தால் ஒன்றைப் பாருங்கள். அது வாங்கும்போது பெரும்பாலும் 2 டிகிரி இடைவெளியில் இருக்கும். 38-ல் பல்பு அணைந்தால் 36-க்கு இறங்கிய பிறகுதான் மறுபடி எரியும். மெனுவில் பி-1 என்ற இடத்துக்குப் போய் அந்த இடைவெளியை 0.3 ஆக்குங்கள். சென்சார் நுனி முட்டை உயரத்தில், பல்பின் நேர்ச்சூடு படாமல் இருக்கட்டும். அது காட்டும் எண் சரியா என்று பார்க்க, காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும். ஒரு டம்ளரில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து, இரண்டு நுனிகளையும் சேர்த்து முக்கி ஒப்பிடுங்கள். 37.5 என்பது ஃபாரன்ஹீட்டில் 99.5. இரண்டாம் வாரத்துக்குப் பிறகு குஞ்சுகளின் உடல்சூடே பெட்டியில் சேரும், அப்போது தினமும் இருமுறை எண்ணைப் பாருங்கள். பல்பு ஃபியூஸ் ஆனால் குண்டு பல்பே போடுங்கள், எல்இடி போதிய சூடு தராது. பல்பு தெர்மாகோலைத் தொடக் கூடாது, தீப்பிடிக்கும்.

3 மணி நேர மின்தடையால் இவ்வளவு சேதம் வராது. தாய்க்கோழியே தினமும் எழுந்து இரை எடுத்துவிட்டுத்தான் வருகிறது. கருவுக்குக் கொஞ்ச நேரக் குளிர்ச்சி தாங்கும். தாங்காதது அதிக சூடுதான். 40 டிகிரிக்கு மேல் சில மணி நேரம் போனால் கதை முடிந்தது. அடுத்த முறை கரண்ட் போனால் சுடுதண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றி முட்டைகளுக்குப் பக்கத்தில் வையுங்கள், போதும். அதைவிடச் சித்திரை, வைகாசியில்தான் கவனம் தேவை. தகரக் கொட்டகையில் அறையே 40-ஐத் தொட்டால் தெர்மோஸ்டாட்டால் குளிர்விக்க முடியாது. பெட்டியை வீட்டின் குளிர்ந்த உள்ளறைக்கு மாற்றிவிடுங்கள்.

மாமியார் சொன்னதைத் தள்ளிவிடாதீர்கள். அடைக்கூடையில் இரும்பும் கரியும் மிளகாயும் போட்டு இடிக்குக் காப்புச் செய்த தலைமுறை அது. இடி முட்டையைக் கெடுப்பதில்லை. ஆனால் அடைமழைக் காலத்தில் பொரிப்பு குறைகிறது என்று அவர்கள் கண்ணால் பார்த்தது சரி. காரணம் ஈரத்தில் இருக்கிறது.

அடைக்கு வைக்கும் முட்டை ஒரு வாரத்துக்குள் இட்டதாக இருக்கட்டும், வெயில் காலத்தில் 4 நாள். கழுவ வேண்டாம். தினமும் 3 அல்லது 5 முறை திருப்புங்கள், 18-ம் நாளோடு நிறுத்துங்கள்.

கார்த்திகை மழை இன்னும் இருக்கிறது. அடுத்த அடையை இரண்டு தட்டையும் எடுத்துவிட்டு, ஓட்டைகளைத் திறந்து, 37.6-ல் தொடங்குங்கள். முதலில் 60 வேண்டாம், 30 போதும். 18-ம் நாள் தட்டுகளை உள்ளே வையுங்கள். 6-ம் நாள் அந்த 10 முட்டையின் எடையை எனக்கு எழுதுங்கள். தட்டு வேண்டுமா, வேண்டாமா என்று அன்றைக்கே சொல்லிவிடுகிறேன்.